பாடப்படாமல் நின்ற தனிக்குரல்: பீச் பாய்ஸின் ‘ஸ்மைல்’ டேப்புகள்

1967 மே மாதத் தொடக்கத்தில், அமெரிக்காவின் பீச் பாய்ஸ் என்ற பாடகர் குழுவின் விளம்பரத்தைக் கவனித்துவந்த டெரெக் டெய்லர் பிரிட்டிஷ் இசை இதழ் ஒன்றில் எழுதினார்: ‘ஸ்மைல்’ ஆல்பம் கைவிடப்பட்டது. குழுவின் இசைத்தட்டு நிறுவனமான கேபிடல் ரெக்கார்ட்ஸ் அதற்கு முன்பே நான்கு லட்சத்துக்கும் அதிகமான அட்டைகளை அச்சடித்து வைத்திருந்தது. ஃப்ராங்க் ஹோம்ஸ் வரைந்த புன்னகைக் கடையின் படம் முன்பக்கம், பன்னிரண்டு பாடல்களின் பெயர் பின்பக்கம். ஆல்பம் 1966 டிசம்பரில் வரும் என்றார்கள், பிறகு 1967 ஜனவரியில் என்றார்கள். அட்டைக்குள் போட இசைத்தட்டு கடைசிவரை வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. குழுவின் இசையமைப்பாளர் பிரையன் வில்சனின் மனநிலை, போதைப் பொருள்கள், அவருடைய உறவினரும் சக பாடகருமான மைக் லவ்வின் எதிர்ப்பு, ராயல்டி பாக்கிக்காக கேபிடல்மீது போட்ட வழக்கு, பீட்டில்ஸோடு போட்டி. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தக் கதைகளைச் சொல்பவர்கள் பெரும்பாலும் டேப்புகளை விட்டுவிட்டு மனிதர்களைப் பற்றியே பேசுகிறார்கள். டேப்புகள் தொலையவில்லை. பெரும்பகுதி பத்திரமாக இருந்தது. 2011இல் ஐந்து சிடிக்களாக வெளியே வந்தும் விட்டது. அவற்றை உட்கார்ந்து கேட்டால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தட்டுப்படுகிறது. வாத்தியங்கள் இருக்கின்றன. கோரஸ் இருக்கிறது. பல இடங்களில் இல்லாமல் போனது தனிக்குரல், அதாவது பாட்டின் வரிகளைச் சுமக்கும் முதன்மைக் குரல். ஸ்மைல் எங்கே நின்றுபோனது என்பதை அந்தக் காலி இடங்களை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும் என்று நினைக்கிறேன்.

குரல் கடைசியில் வரும் வேலைமுறை

பிரையன் 1964 டிசம்பரில் விமானத்தில் பதற்றத்தால் உடைந்துபோனதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய்ப் பாடுவதை நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் மேடைக்குப் போவார்கள், அவர் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்து இசையமைப்பார். முதலில் ஹால் பிளெய்ன், கேரல் கே போன்ற ஸ்டுடியோ கலைஞர்களை வைத்து கோல்டு ஸ்டார் அல்லது வெஸ்டர்ன் ஸ்டுடியோவில் வாத்தியப் பகுதியை முழுக்கப் பதிவு செய்துவிடுவார். தம்பிகள் கார்லும் டென்னிஸும், அவர்களோடு மைக் லவ், அல் ஜார்டின், புரூஸ் ஜான்ஸ்டன் ஆகியோரும் ஊர் திரும்பியதும் அதன்மேல் குரல்.

இதற்கு ஒரு தொழில்நுட்பப் பக்கமும் உண்டு. வெஸ்டர்ன் போன்ற ஸ்டுடியோக்களில் அப்போது நான்கு டிராக் கருவிகள்தான், அதாவது ஒரே டேப்பில் நான்கு தனித்தனிப் பதிவுகள். கொலம்பியா ஸ்டுடியோவில் எட்டு டிராக் இருந்தது. முழு வாத்தியக் குழுவையும் ஒரே மோனோ டிராக்காகச் சுருக்கி எட்டு டிராக் டேப்பில் ஒரு டிராக்கில் போட்டுவிட்டால், மீதி ஏழும் குரல்களுக்கு. ஒரே ஆள் தன் வரியை இரண்டு முறை பாடி அடர்த்தி கூட்டலாம், கோரஸை அடுக்கடுக்காகக் கட்டலாம். 1966 மே மாதம் வெளியான ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்தின் குரல்கள் இப்படி வந்தவைதான். பிரையனுக்கு வலது காது ஏறக்குறைய கேட்காது. அந்த ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு ஆறு பேர் குரலை எடை போட்டவர் அவர். சிறுவயதில் ஃபோர் ஃப்ரெஷ்மென் குழுவின் இசைத்தட்டுகளைக் கேட்டு, அவர்களுடைய ஒத்திசைவை ஒவ்வொரு குரலாகப் பிரித்துத் தானே கற்றுக்கொண்டவர்.

அப்புறம் வந்தது ‘குட் வைப்ரேஷன்ஸ்’. 1966 பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை, நான்கு ஸ்டுடியோக்களில், துண்டு துண்டாகப் பதிவு செய்து, டேப்பை வெட்டி ஒட்டிச் செய்த ஒரே பாட்டு. அக்டோபரில் வெளியாகி டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. இந்த வெற்றி பிரையனுக்கு ஒரு தைரியத்தைக் கொடுத்தது: ஒரு பாட்டை இப்படிச் செய்ய முடிந்தால் ஒரு ஆல்பத்தையே செய்யலாமே.

என் கணிப்பில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பாட்டு தலை முதல் கால்வரை ஒரே ஓட்டமாக இருந்தால், வாத்தியம் முடிந்த மறுவாரமே பாடகர் வந்து பாடிவிடலாம். எந்தத் துண்டு எதற்குப் பின் வரும் என்றே முடிவாகவில்லை என்றால்? கோரஸைத் துண்டு துண்டாகப் பாடி வைக்கலாம். சொல்லே இல்லாத ஆலாபனைகளைப் பாடி வைக்கலாம். தனிக்குரல் பாட முடியாது. அது பாட்டின் வடிவம் தெரிந்த பிறகு மட்டுமே பாடக்கூடியது. ‘ஹீரோஸ் அண்ட் வில்லன்ஸ்’ ஒரு பாட்டுக்கு மட்டும் 1966 இறுதியிலிருந்து 1967 வரை எத்தனை துண்டுகள் பதிவாகின என்று பாருங்கள். 2011 தொகுப்பில் ஏறக்குறைய ஒரு சிடி முழுக்க அந்தத் துண்டுகளே ஓடுகின்றன. ஒவ்வொன்றும் அழகு, ஒவ்வொன்றும் வேறொரு பாட்டின் வாசல் மாதிரி. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை அவரால் முடிவு செய்ய இயலவில்லை.

டேப்பில் எது இருக்கிறது, எது இல்லை

முதலில் இருப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது அவ்வளவு அருமை.

‘அவர் பிரேயர்’ சொற்களே இல்லாத, ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும் கோரஸ். வாத்தியம் கிடையாது. 1966 அக்டோபர் 4ஆம் தேதிப் பதிவில் பிரையன் இடையிடையே நிறுத்தித் திருத்துவதைக் கேட்கலாம். இது ஆல்பத்தின் முகப்பு என்று அவர் சொல்ல, இதையே ஒரு தனிப் பாட்டாகக் கொள்ளலாமே என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். பிசகும் டேக்குகளையும் கேட்க வேண்டும். ஒரு குரல் லேசாக வழுக்கினாலும் மொத்தமும் நின்றுவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து. பள்ளி நாளிலிருந்து ஒரே வீட்டுக் கூடத்தில் பாடிப் பழகிய சகோதரர்களின் குரல்கள் ஒன்றோடொன்று கரைவதை வேறெந்தக் குழுவிலும் நான் இப்படிக் கேட்டதில்லை.

‘வொண்டர்ஃபுல்’ பாட்டுக்கு ஹார்ப்சிகார்டு மேல் பிரையன் பாடிய தனிக்குரல் இருக்கிறது. மென்மையாக, கிட்டத்தட்ட காதருகே பாடுகிற மாதிரி. காய்கறிப் பாட்டான ‘வெஜடபிள்ஸ்’ 1967 ஏப்ரலில் தனிக்குரலோடு பதிவானது. அந்தப் பதிவுகளில் ஒன்றுக்குப் பால் மெக்கார்ட்னி வந்து போனார். மனிதர்களே விலங்குச் சத்தம் எழுப்பும் பதிவுகள், தண்ணீருக்கடியில் கேட்பது போன்ற முணுமுணுப்புகள், சிரிப்பு, பேச்சு எல்லாம் இருக்கின்றன. பிரையன் நகைச்சுவையை இசையாக்க விரும்பினார்; அதற்கு அவர் கையில் எடுத்த முதல் கருவியும் குரல்தான்.

இனி இல்லாதவை. ‘டூ யூ லைக் வோர்ம்ஸ்’ பாட்டுக்கு 1966 அக்டோபரில் வாத்தியம் பதிவானது. கோரஸ் உண்டு, ஹவாய்ப் பாணி முழக்கம் உண்டு. சரணங்களின் வரிகளை ஸ்மைலின் பாடலாசிரியர் வான் டைக் பார்க்ஸ் எழுதிக் கொடுத்தும் ஆகிவிட்டது. அவற்றைப் பாடிய குரல் மட்டும் டேப்பில் இல்லை. ‘சைல்டு இஸ் ஃபாதர் ஆஃப் த மேன்’ பாட்டிலும் பல்லவிக் கோரஸ் மட்டும்தான். ‘கேபின் எசன்ஸ்’ பாட்டின் சரணங்கள் 1966இல் தனிக்குரல் இல்லாமலே நின்றன. கொட்டகை விலங்குகளைப் பற்றிய சிறு பாட்டுக்கும், உடம்பு தெம்பைப் பற்றிய இன்னொன்றுக்கும் கிடைத்த பிரையனின் குரல், 1966 நவம்பர் 4 அன்று ஒரு வானொலி அறிவிப்பாளருக்குப் பியானோவில் வாசித்துக் காட்டிய மாதிரிப் பதிவில் இருப்பது.

ஆக, பார்க்ஸ் எழுதிய சொற்கள் அதிகமாக வரும் இடங்களில்தான் ஓட்டை பெரிதாக இருக்கிறது. இங்கே மைக் லவ்வின் கதைக்கு இடம் உண்டு. 1966 டிசம்பரில் ‘கேபின் எசன்ஸ்’ கடைசிப் பகுதியில் காக்கையும் சோளக் காடும் வரும் ஒரு வரிக்கு என்ன பொருள் என்று அவர் கேட்டார். பார்க்ஸை ஸ்டுடியோவுக்கு வரவழைத்தார்கள். தன் வரிக்கு விளக்கம் தர முடியாது என்று பார்க்ஸ் சொல்லிவிட்டார். இதையே ஆல்பத்தைக் கொன்ற தருணமாக எழுதுகிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். மைக் அந்த வரியைப் பிறகு பாடிக் கொடுத்தார், அது டேப்பில் இருக்கிறது. பாடப்போகிறவன் பொருள் கேட்பதில் தவறும் இல்லை. ஆனால் வரிகள்மீது வீட்டுக்குள்ளேயே நம்பிக்கை போன பிறகு, அந்த வரிகளைச் சுமக்க வேண்டிய குரலைப் பதிவு செய்வது தள்ளிப்போயிருக்கும் என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை. 1967 ஜனவரியில் கார்லுக்கு ராணுவ அழைப்பு வந்தது. அவர் மறுத்தார், அது வழக்காகியது. பிப்ரவரியில் கேபிடல்மீது வழக்கு. வசந்த காலத்தில் பார்க்ஸ் விலகித் தன் சொந்த ஆல்பத்தைப் பார்க்கப் போனார். வரிகளை எழுதியவரும் இல்லை, வடிவமும் முடிவாகவில்லை. பாடுவது எப்படி?

இந்தக் கணக்கு எல்லாப் பாட்டுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு மிகப் பெரிய விலக்கு, ஸ்மைலின் உச்சம் என்று நான் நம்பும் பாட்டு.

‘சர்ஃப்ஸ் அப்’: ஒரே குரலின் மூன்று வாழ்க்கை

இந்தப் பாட்டின் முதற்பகுதிக்கான வாத்தியம் 1966 நவம்பர் 4 அன்று வெஸ்டர்னில் பதிவானது. சுமார் ஆறு வாரம் கழித்து, டிசம்பர் 15 அன்று, கொலம்பியாவில் பிரையன் தனியாகப் பியானோ முன் உட்கார்ந்து முழுப் பாட்டையும் பாடினார். நம் திரையிசையில் ‘டிராக் பாடி வைப்பது’ என்பார்களே, பின்னால் வேறொருவர் பாடுவதற்கு வழிகாட்டியாக, கிட்டத்தட்ட அந்த நிலைதான் அந்தப் பதிவுக்கு. இரண்டு நாள் கழித்துத் தன் வீட்டில் அதே பாட்டை சிபிஎஸ் தொலைக்காட்சியின் கேமராவுக்கு முன் பாடினார். இசை நடத்துநர் லியனார்ட் பெர்ன்ஸ்டைன் வழங்கிய அந்த நிகழ்ச்சி 1967 ஏப்ரலில் ஒளிபரப்பானது. நாடு முழுக்கப் பார்த்தது. பாட்டு வெளிவரவில்லை.

அந்த டிசம்பர் 15 குரலைக் கேளுங்கள். அடியில் தொடங்கி மேல் ஸ்தாயிக்கு ஏறுகிற இடத்தில் எந்தப் பலவந்தமும் இல்லை. சொற்கள் புரிகிறதா இல்லையா என்ற கேள்வியே எழாது. பிரையனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது.

முதல் மறுவாழ்வு 1971இல். குழுவின் புதிய ஆல்பத்துக்கு இந்தப் பாட்டு வேண்டும் என்று முடிவானது. பிரையன் மறுபடி பாடத் தயாராக இல்லை. முதற்பகுதியில் 1966 வாத்தியத்தின்மேல் கார்ல் பாடினார். இரண்டாம் பகுதிக்கு அண்ணனின் பழைய பியானோவும் குரலும் அப்படியே, அதன்மேல் புதிதாகக் கொஞ்சம் கோரஸும் சின்தசைசரும். முடிவில் ‘சைல்டு இஸ் ஃபாதர்’ பல்லவியை இணைத்தார்கள். ஒதுங்கியிருந்த பிரையன் அந்தக் கடைசிப் பகுதியை முடிக்க மட்டும் எதிர்பாராமல் வந்து சேர்ந்துகொண்டார். கார்ல் அதைப் பாடியபோது அவருக்கும் இருபத்து நான்கு வயதுதான். பாட்டின் நடுவே தம்பியின் குரல் அடங்கி அண்ணனின் குரல் எழுகிறது. இடையில் ஐந்து வருடம் கடந்திருக்கிறது, ஆனால் இரண்டு பேரும் ஒரே வயதில் நிற்கிறார்கள். அந்த ஆல்பத்துக்கே இந்தப் பாட்டின் பெயரை வைத்தார்கள்.

இரண்டாவது 2004இல். பிரையனே தன் புதிய குழுவோடு ஸ்மைலை முடித்தார். பிப்ரவரி 20 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் முதல் மேடை, செப்டம்பரில் ஆல்பம். குழுவின் டேரியன் சஹானஜா பழைய துண்டுகளையெல்லாம் மடிக்கணினியில் ஏற்றி, எது எதோடு சேரும் என்று பிரையனோடு உட்கார்ந்து பார்த்தார். ‘வோர்ம்ஸ்’ பாட்டின் பழைய வரித்தாளில் ஒரு சொல் படிக்க முடியாமல் இருந்தது. பிரையன் உடனே பார்க்ஸுக்குப் போன் செய்தார். அந்தப் பேச்சு நீண்டு பார்க்ஸ் மறுபடி வேலைக்குள் வந்துவிட்டார். முப்பத்தேழு வருடமாகத் தாளில் மட்டும் இருந்த வரிகள் அப்படித்தான் முதன்முறையாகப் பாடப்பட்டன. அறுபதைத் தாண்டிய குரல், கரடுதட்டியது, பழைய உயரங்களை மற்றவர்கள் ஏந்தினார்கள். ஆனால் வடிவம் கிடைத்தது. மூன்று பகுதிகள், பதினேழு பாடல்கள். வடிவம் கிடைத்ததும் குரல் தானாக வந்தது என்பதைக் கவனியுங்கள்; நான் மேலே சொன்ன கணிப்புக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது 2011இல். மார்க் லினெட்டும் ஆலன் பாய்டும் டெனிஸ் வுல்ஃபும் ‘த ஸ்மைல் செஷன்ஸ்’ தொகுப்பை உருவாக்கியபோது, 2004 வரிசையை வரைபடமாக வைத்துக்கொண்டு 1966–67 டேப்புகளை அடுக்கினார்கள். ‘சர்ஃப்ஸ் அப்’ பாட்டில் டிசம்பர் 15 அன்று பிரையன் பியானோவோடு பாடிய தனிக்குரலை எடுத்து, நவம்பர் 4 வாத்தியத்தின்மேல் டிஜிட்டல் முறையில் பொருத்தினார்கள். தனியாகப் பாடுகிறவர் தாளத்தை இழுப்பார், தளர்த்துவார். ஸ்டுடியோ குழு வேறு வேகத்தில் வாசித்திருக்கும். ஒவ்வொரு சொற்றொடரையும் நகர்த்திச் சரிசெய்தால்தான் ஒட்டும். ரேஸர் பிளேடால் டேப் வெட்டிய காலத்தில் இதை நினைத்துப் பார்க்க முடியாது.

இது நியாயமா என்று ரசிகர்கள் கேட்டார்கள். 1966இல் யாருமே கேட்டிராத ஒரு பதிவை 1966 பதிவு என்று எப்படிச் சொல்வது? கேள்வி சரியானதுதான். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. பாடியவரும் இசையமைத்தவரும் ஒரே ஆள், இரண்டு பதிவுக்கும் இடையே ஆறு வாரம், அந்தக் குரல் போய்ச் சேர வேண்டிய இடமும் அந்த வாத்தியம்தான். முக்கியமாக, பொருத்தாத அசல் பியானோ பதிவையும் அதே தொகுப்பில் தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். கேட்பவரிடம் எதையும் மறைக்கவில்லை. போதாததற்கு, 1967 இறுதியில் பிரையன் தனியாகப் பாடிய இன்னொரு ‘சர்ஃப்ஸ் அப்’, ‘கன்ட்ரி ஏர்’ என்ற வேறொரு பாட்டின் டேப் சுருள் கடைசியில் எதேச்சையாகக் கிடைத்து, அதுவும் சேர்ந்தது. கைவிட்டாகிவிட்டது என்று அறிவித்த பிறகும் அவர் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார்.

நடுவில் செய்த ஒட்டுவேலைகள்

1967 கோடையில் பெல் ஏர் வீட்டிலேயே கருவிகளை வைத்து ‘ஸ்மைலி ஸ்மைல்’ ஆல்பத்தைப் பாடி முடித்தார்கள். செப்டம்பரில் வெளியானது. ‘வொண்டர்ஃபுல்’, ‘விண்ட் சைம்ஸ்’ இரண்டையும் எளிய வாத்தியத்தோடு புதிதாகப் பாடினார்கள். ‘ஹீரோஸ் அண்ட் வில்லன்ஸ்’ சரணத்துக்கு 1966 வாத்தியத்தை வைத்துக்கொண்டு குரலை மட்டும் புதிதாகப் போட்டார்கள். அந்த ஜூலையில் வந்து பன்னிரண்டாம் இடம்வரை போனது. பிரையன் எதிர்பார்த்தது அதுவல்ல.

1968 நவம்பரில் கார்லும் டென்னிஸும் ‘அவர் பிரேயர்’ டேப்பில் கூடுதல் குரல்கள் சேர்த்தார்கள். ‘கேபின் எசன்ஸ்’ சரணங்களைக் கார்ல் பாடினார். இரண்டும் 1969 தொடக்கத்தில் ‘20/20’ ஆல்பத்தின் கடைசியில் வந்தன. 2011 தொகுப்பிலும் ‘கேபின் எசன்ஸ்’ தனிக்குரலாக ஒலிப்பது இந்த 1968 கார்ல்தான், ஏனென்றால் வேறு இல்லை. அண்ணன் விட்ட இடத்தில் தம்பி நின்று பாடி நிரப்பியிருக்கிறார், தன் பெயரை முன்னே வைக்காமல். பீச் பாய்ஸ் பற்றிய எழுத்துகளில் கார்லுக்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். 1983இல் டென்னிஸும் 1998இல் கார்லும் இறந்தார்கள். 2004 மேடையைப் பார்க்க இருவருமே இல்லை. பிரையன் 2025 ஜூன் 11 அன்று காலமானார்.

1980களில் கள்ளத்தட்டுகளாகப் பரவிய துண்டுகளைப் பற்றி விரிவாகச் சொல்ல இங்கே தேவையில்லை. அவற்றைக் கேட்ட தலைமுறைதான் 1993 தொகுப்பில் அரைமணி நேர ஸ்மைல் அதிகாரபூர்வமாக வரும்வரை ஆர்வத்தை உயிரோடு வைத்திருந்தது என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

நிரப்பாமல் விட்ட இடம்

2011 தொகுப்பாளர்கள் எடுத்த முடிவுகளில் நான் மிகவும் மதிப்பது ‘டூ யூ லைக் வோர்ம்ஸ்’ பாட்டில் எடுத்தது. வரிகள் கையில் இருந்தன. 2004இல் பிரையன் பாடிய குரலும் இருந்தது. அதை எடுத்து 1966 வாத்தியத்தின்மேல் ஒட்டியிருந்தால் முழுப்பாட்டு கிடைத்திருக்கும்; விற்பனைக்கும் நல்லது. அவர்கள் செய்யவில்லை. சரணம் வரும்போது வாத்தியம் மட்டும் நடக்கிறது, மேலே யாரும் பாடவில்லை. ‘சைல்டு இஸ் ஃபாதர்’ பாட்டிலும் அதேபோல். ‘சர்ஃப்ஸ் அப்’ பாட்டில் குரலை நகர்த்தினார்கள், ஏனென்றால் நகர்த்துவதற்கு அந்தக் காலத்துக் குரல் ஒன்று இருந்தது. இங்கே இல்லை, அதனால் தொடவில்லை.

இன்று கணினி ஒரு பாடகரின் குரலையே செயற்கையாக உருவாக்கிவிடும். இருபத்து நான்கு வயது பிரையன் ‘வோர்ம்ஸ்’ சரணத்தைப் பாடுவதுபோல யாராவது செய்து காட்டுவார்கள். வேண்டாம் என்பேன். அந்தச் சரணம் காலியாக இருப்பதுதான் 1967இல் என்ன நடந்தது என்பதற்கு நம்மிடம் உள்ள நேரடிச் சான்று. அதை நிரப்பினால் ஆவணம் அழியும்.

புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் 2011 தொகுப்பின் முதல் சிடியோடு நின்றுவிட வேண்டாம். ‘அவர் பிரேயர்’ பதிவின் பிசகிய டேக்குகள், வானொலி அறிவிப்பாளருக்கு வாசித்துக் காட்டிய நவம்பர் 4 பியானோ மாதிரி, பிறகு ‘சர்ஃப்ஸ் அப்’ பாட்டின் டிசம்பர் 15 தனிப் பதிவு, 1971 வடிவம், 2011 வடிவம், இந்த வரிசையில் கேளுங்கள். முடித்துவிட்டு ‘வோர்ம்ஸ்’ பாட்டை 2011இலும் 2004இலும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒன்றில் இளைய கோரஸ் இருக்கிறது, சரணம் இல்லை. மற்றதில் சரணம் இருக்கிறது, அந்தக் கோரஸ் இல்லை.